நானோ படிப்பில் சேர்க்கலாமா? ஒரு அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா. பிளஸ் டூ முடித்த மகளுக்குத் துருவைத் தடுக்கும் நானோ பூச்சுகளில் ஆராய்ச்சி செய்ய ஆசை, நானோ டெக்னாலஜி பி.டெக்கிலேயே சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசை அருமையானது. படிப்பை மட்டும் மாற்றச் சொல்வேன்.

காரணம் அந்தப் பூச்சுக்குள்ளேயே இருக்கிறது. இரும்புக்கு அடிக்கும் எபாக்ஸி பெயின்ட்டில் நானோ களிமண்ணோ (மிக நுண்ணிய களிமண் தகடுகள்) கிராஃபீனோ (ஒரே அணு தடிமனுள்ள கார்பன் தகடு) பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் சேர்ப்பார்கள். மீதியெல்லாம் பிசின், கடினமாக்கி, நிறமி. அந்த நுண்தகடுகள் செங்கல் வரிசை போலப் படிந்தால், தண்ணீரும் உப்பும் நேராக இறங்க முடியாமல் சுற்றி வளைத்துப் போக வேண்டும், துரு தள்ளிப்போகும். சரியாகக் கலக்காமல் கட்டி கட்டியாகத் திரண்டால், அங்கேதான் பூச்சு முதலில் விட்டுக்கொடுக்கும். கிராஃபீனில் இன்னொரு சங்கடம், அது மின்சாரத்தைக் கடத்தும். பூச்சில் கீறல் விழுந்தால் அந்த இடத்து இரும்பு இன்னும் வேகமாக அரிக்கப்படலாம். இதையெல்லாம் புரிந்து சரிசெய்ய பிசின் போன்றவற்றைப் பற்றிய பாலிமர் வேதியியலும், துருப்பிடிப்பது போல மின்னோட்டத்தோடு நடக்கும் மாற்றங்களைப் படிக்கும் மின்வேதியியலும் கையில் இருக்க வேண்டும். நானோவை எம்.டெக்கிலோ பிஎச்.டி.யிலோ எடுத்துக்கொள்ளலாம், ஒன்றும் தாமதமில்லை.

நான் முதலில் சொல்வது காரைக்குடியைத்தான். 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், நம் ஊர்க்காரர்கள் சொல்லும் சிக்ரி, அங்கே இருக்கிறது. உப்புக்காற்றில் உலோகங்களைச் சோதிக்க ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் என்ற கடலோர ஊரில் அவர்களுக்கு ஒரு நிலையமும் உண்டு. வேதி, மின்வேதிப் பொறியியலில் அண்ணா பல்கலைக்கழக பி.டெக் பட்டத்துக்கு அந்த வளாகத்திலேயே படிக்கலாம். அது கிடைக்காவிட்டால் வேறு நல்ல கல்லூரியில் கெமிக்கல் இன்ஜினியரிங். பி.எஸ்சி. வேதியியலும் குறைந்ததில்லை; எம்.எஸ்சி. முடித்து நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) வாங்கி ஆராய்ச்சியில் சேர்ந்தால், 2023 உயர்வுப்படி தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை.

வேலை விஷயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். 'நானோ' என்று பெயர் போட்ட வேலைகள் குறைவு. பெயின்ட் கம்பெனி ஆய்வகங்களில் கலவை தயாரிப்பு, சோதனை என்று ஆள் எடுப்பார்கள். கப்பல், பாலம், எண்ணெய்க் குழாய் இருக்கும் இடங்களில் பூச்சு ஆய்வாளர் வேலை உண்டு. அதற்கான ஏ.எம்.பி.பி. (அரிமானத் தடுப்பு, பூச்சுத் துறையின் சர்வதேச அமைப்பு) சான்றிதழுக்குச் செலவு அதிகம். வேலைக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், கல்லூரி பார்க்கப் போகும்போது மகளையும் கூட்டிப்போங்கள். பூச்சு துருவைத் தாங்குமா என்று பார்க்க 35 டிகிரியில் 5 சதவீத உப்புநீரைப் பனியாகத் தெளிக்கும் சோதனைப் பெட்டியும், உலோகம் அரிக்கும் வேகத்தை மின்சாரம் வழியாக அளக்க உதவும் பொட்டென்ஷியோஸ்டாட் கருவியும் அங்கே இருக்கின்றனவா, இளநிலை மாணவர்களை அவற்றைத் தொட விடுவார்களா என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள்.