சிசிஎன்ஏ (சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் சான்றிதழ்) தேர்வுக்குப் படிக்கிறேன், சப்நெட் மாஸ்க் புரியவே இல்லை. அட்டவணையை மனப்பாடம் செய்தால் போதுமா?

போதாது. மனப்பாடம் செய்துகொண்டு போய் முதல் முறை தோற்றவன் நான், அதனால் சொல்கிறேன்.

நீங்களும் பகலில் வேலை, ராத்திரியில் வீடியோ என்று படிக்கிறவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பைனரி (0, 1 மட்டும் உள்ள எண்முறை) வந்ததும் மலைப்பாக இருக்கும். நான் படித்த பயிற்சி மையத்தில், "தமிழ் மீடியமா? அப்போ சப்நெட்டிங் கஷ்டம்தான்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார்கள். இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது. மொழிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

எனக்கு இது புரிந்தது வகுப்பில் இல்லை, வேலை பார்த்த இடத்தில். அந்த அலுவலகத்தில் 192.168.1 நெட்வொர்க்கை /25 போட்டு இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஊழியர்கள் முதல் பாதி (0 முதல் 127), பிரிண்டர்கள் இரண்டாம் பாதி (128 முதல் 255). புதுக் கம்ப்யூட்டர் ஒன்றுக்கு 192.168.1.50 என்று ஐபி கொடுத்தேன். மாஸ்க்கை மட்டும் பழக்கதோஷத்தில் 255.255.255.0 என்று அடித்துவிட்டேன். இன்டர்நெட் வந்தது, மெயில் வந்தது. 192.168.1.140-இல் இருந்த பிரிண்டர் மட்டும் கிடைக்கவில்லை. கேபிளை மாற்றினேன், டிரைவரை மறுபடி போட்டேன். இரண்டு மணி நேரம் போச்சு. கடைசியில் சீனியர் அண்ணன் வந்து 0-வை 128 ஆக்கினார். உடனே பிரிண்ட் வந்தது.

ஏன் என்று அன்று ராத்திரி யோசித்தபோது ஞாபகம் வந்தது தென்காசியில் சித்தப்பா வைத்திருந்த எஸ்டிடி பூத். உள்ளூருக்கு கோட் வேண்டாம், வெளியூருக்கு வேண்டும். இப்போதுள்ள லேண்ட்லைன் எண்களைப் பாருங்கள். முன்னால் வரும் 0-வை விட்டால் கோடும் எண்ணும் சேர்ந்து 10 இலக்கம். சென்னைக்கு கோட் 44, மிச்சம் 8 இலக்கம். மதுரைக்கு 452, மிச்சம் 7. தென்காசிக்கு 4633, மிச்சம் 6. கோட் நீள நீள, அந்த ஊரில் கொடுக்கக்கூடிய எண்கள் குறையும்.

ஐபி முகவரியும் அப்படித்தான். மொத்தம் 32 பிட், அதாவது 32 பைனரி இலக்கம்; புள்ளி வைத்துப் பிரித்த ஒவ்வொரு எண்ணுக்கும் 8. அதில் எத்தனை பிட் ஊர் கோட் என்று சொல்வதுதான் மாஸ்க். /25 என்றால் முதல் 25 பிட் ஊர், மிச்சம் 7 பிட் வீடு; மாஸ்க்காக எழுதினால் 255.255.255.128. நான் அடித்த 255.255.255.0 என்பது /24. என் கம்ப்யூட்டர் தப்பான மாஸ்க்கை நம்பி, பிரிண்டர் உள்ளூர்தான் என்று முடிவு செய்துவிட்டது. ரூட்டரிடம் கொடுக்காமல், தன் நெட்வொர்க்குக்குள்ளேயே "140 யார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. பிரிண்டர் இருந்தது வேறு ஊரில், அதற்கு எப்படிக் கேட்கும்?

இந்த ஒப்புமை முழுக்கப் பொருந்தாது என்று சண்டைக்கு வரத் தயாராக இருப்பவர்களுக்கு: தெரியும். தொடக்கத்தில் இருப்பவருக்குச் சொல்கிறேன்.

தேர்வில் கால்குலேட்டர் கிடையாது, தாண்டிய கேள்விக்குத் திரும்ப முடியாது. அதனால் கையால் வேகமாகப் போடத் தெரிய வேண்டும். 192.168.10.77/27 என்று கேட்டால், முதல் மூன்று எண்களுக்கு 24 பிட் போக, கடைசி எண்ணில் 3 பிட் ஊர்: 128 + 64 + 32, ஆக மாஸ்க்கின் கடைசி எண் 224. 256-இல் 224 போனால் 32. ஆக நெட்வொர்க்குகள் 0, 32, 64, 96 என்று போகும். 77 இருப்பது 64-க்கும் 96-க்கும் நடுவில். நெட்வொர்க் 64, பிராட்காஸ்ட் (அந்த நெட்வொர்க்கில் எல்லாருக்கும் சேர்த்து அனுப்பும் கடைசி முகவரி) 95, நடுவில் 65 முதல் 94 வரை 30 கருவிகள். வெறும் கழித்தல்தான். தினமும் 10 கணக்கு, ஒரு மாதம். நான் இரண்டாம் முறை தேறியது இப்படித்தான்.

இன்னொன்று, கேட்காததைச் சொல்கிறேன், மன்னிக்கவும். வேலை வாங்கித் தருகிறோம் என்று ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைக்கும் பயிற்சி மையங்களில் சேராதீர்கள். என்னுடையதைத் திரும்ப வாங்க எட்டு மாதம் அலைந்தேன். அதற்குள் ஒரு நல்ல வேலை கைநழுவிப் போனது.

சரி, இதைப் போட்டுப் பாருங்கள்: 172.16.50.200/20. மூன்றாவது எண்ணில் கழிக்க வேண்டும். 172.16.48.0 நெட்வொர்க், 172.16.63.255 பிராட்காஸ்ட் என்று வர வேண்டும்.