செவ்வாயும் கிணற்றுப் பங்கும்

அன்புள்ள ஐயா,

எனக்கு மீன லக்கினம், அதாவது கட்டத்தில் முதல் இடம் மீனம். மூன்றாம் இடமான ரிஷபத்தில் செவ்வாய் தனித்து நிற்கிறது. உடன்பிறப்பைக் குறிக்கும் கிரகமான சகோதர காரகன் சகோதர ஸ்தானத்திலேயே நின்றால் 'காரகோ பாவ நாசாய' (காரகன் தனக்குரிய இடத்தில் நின்றால் அந்த இடத்துக்குக் கேடு) என்ற விதிப்படி தம்பியோடு ஒட்டு இருக்காது என்று எங்கள் ஊர் ஜோதிடர் சொன்னார். அப்படியேதான் நடந்திருக்கிறது. காங்கயம் பக்கத்துத் தோட்டத்தைப் பாகம் பிரித்ததிலிருந்து, பொதுக் கிணற்றுத் தண்ணீரை முன்னிட்டுத் தம்பியும் நானும் பேசுவதில்லை. அக்கா தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டதால் அந்தப் பக்கம் சிக்கல் இல்லை. இப்போது நடக்கும் செவ்வாய் திசை (செவ்வாய் ஆளும் காலம்) முடிந்து ராகு திசை வந்தால் தம்பி இறங்கி வருவானா? பரிகாரம் உண்டா? திரேக்காணச் சக்கரத்தையும் பார்க்க வேண்டுமா?

— திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த வேளையில் நானும் செவ்வாயைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். உடன்பிறப்புக்குக் காரகன் செவ்வாய். பூமிக்கும் அவனே காரகன். இவ்விரண்டையும் ஒரே கிரகத்தின் கையில் ஒப்படைத்தவர்கள் குடியானவனின் வீட்டை மிக அருகில் இருந்து பார்த்தவர்களாக இருக்க வேண்டும் என்று எனக்கு நெடுங்காலமாக ஓர் எண்ணம் உண்டு.

கேட்டவற்றுக்கு முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திரேக்காணத்தைப் பார்க்கத்தான் வேண்டும். ராசியைப் பத்துப் பத்துப் பாகையாக மூன்றாக்கி உடன்பிறப்பைச் சொல்வதற்கென்றே வைத்த சக்கரம் அது. செவ்வாய் திசை 7 ஆண்டு, ராகு திசை 18 ஆண்டு. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு தம்பி பேசும் நாளுக்குக் காத்திருப்பதை நான் ஒப்பமாட்டேன். செவ்வாய்க்கு உரிய தெய்வம் முருகன். சென்னிமலையும் சிவன்மலையும் உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன, ஏறிவிட்டு வாருங்கள். அண்ணனோடு ஒரு பழத்துக்காகப் பிணங்கிக்கொண்டு வந்து பழநியில் நின்றவர் அவர். உங்கள் வழக்கு அவருக்குப் புதிதாக இராது.

ஆனால் அந்த ஜோதிடர் சொன்னதையும், அதை நீங்கள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டதையும் என்னால் அப்படிக் கடந்து போக முடியவில்லை. மூன்றில் சூரியன் நின்றால் முன் பிறந்தவருக்கும், சனி நின்றால் பின் பிறந்தவருக்கும், செவ்வாய் நின்றால் இரு திறத்தாருக்கும் நாசம் என்று பராசரர் பெயரால் வழங்கும் ஹோரை சாத்திரம் சொல்கிறது. அது உயிரைப் பற்றிய பேச்சு. பிறந்த பிள்ளைகளில் பலர் தங்காத காலத்தில், மடியில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு "இதற்குப் பின் பிறப்பது நிலைக்குமா?" என்று கேட்ட தாய்க்குச் சொன்ன பதில் அது. அந்த விதியை எடுத்துக் கிணற்றுத் தண்ணீர்ச் சண்டைக்குப் பொருத்துவது எந்த வகையில் நியாயம்? உங்கள் தம்பி நல்லபடியாக உயிரோடு இருக்கிறார். பேச்சை நிறுத்தியவர்கள் நீங்கள் இருவரும். செவ்வாய் அதில் கை வைக்கவில்லை.

நீங்கள் அனுப்பிய கட்டத்தைப் பார்த்தேன். மூன்றாம் அதிபதி சுக்கிரன் உங்கள் லக்கினத்திலேயே உச்சமாக இருக்கிறான். சுக்கிரன் கெட்ட இடமான எட்டுக்கும் உடையவன் என்று குறுக்கே பேசுவார்கள், பேசட்டும். தம்பிக்குரிய கிரகம் முழுப் பலத்தோடு உங்கள் தலைமாட்டில் வந்து உட்கார்ந்திருப்பதை ஒருவர் உங்களிடம் சொல்லாமல் விட்டார், நீங்களும் கேட்காமல் விட்டீர்கள். மூன்றாம் இடம் தம்பியை மட்டும் சொல்வதில்லை. தைரியம், கை, காது, குறும்பயணம் எல்லாம் அங்கேதான் வருகின்றன. திருப்பூரிலிருந்து காங்கயத்துக்குப் பேருந்தில் போய்வருவதைவிடக் குறுகிய பயணம் எது?

என் தகப்பனாருக்குக் கன்னி லக்கினம். மூன்றுக்கும் எட்டுக்கும் உடைய செவ்வாய், மூத்த சகோதர ஸ்தானமான பதினொன்றில், கடகத்தில் நீசம், அதாவது பலமிழந்த நிலை. எந்த ஜோதிடரிடம் காட்டினாலும் அண்ணனால் ஆகாது என்றே சொல்லியிருப்பார். இரண்டு காட்டுக்கும் நடுவே எல்லைப் பொழியில் நின்ற ஒரு புளியமரத்துக்காக அப்பாவும் பெரியப்பாவும் பல ஆண்டுகள் பேச்சில்லாமல் இருந்தது உண்மை. ஆனால் அவர்கள் மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்திலிருந்து வந்த தண்ணீர் முறையை அந்த ஆண்டுகளில் ஒரு நாள்கூட யாரும் மீறியதில்லை. அப்பா நோயில் படுத்த வருடம் எங்கள் மஞ்சள் காய்ந்துவிடும் என்று அம்மா பயந்திருந்தபோது, பெரியப்பா தம்முடைய முறைத் தண்ணீரை எங்கள் காட்டுக்குத் திருப்பிவிட்டார். வாசலுக்கு வரவில்லை, சொல்லியனுப்பவும் இல்லை. அப்பா கட்டிலில் கிடந்தபடியே வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்டு, "அண்ணன் முறையல்லவா இன்னைக்கு?" என்று அம்மாவிடம் கேட்டார். பதினொன்றில் நிற்கும் கிரகம் நீசமானாலும் லாபத்தைத் தரும் என்ற விதியை நான் ஏட்டில் படித்தது அதற்கு வெகுநாள் கழித்து.

இதனால்தான் செவ்வாயின் இரட்டைக் காரகத்துவத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நிலமும் உடன்பிறப்பும் ஒரே கிரகத்துக்கு உரியவை என்றால் ஒன்றில் செய்த அநியாயம் மற்றொன்றில் வந்து தெரியாமல் போகாது. நம் கொங்கு நாட்டு மண்ணில் இது கூடுதலாகவே பொருந்துகிறது. ஆற்றுப் பாசனக்காரர்களுக்கு மேலிருந்து தண்ணீர் வரும். திறப்பதும் அடைப்பதும் அரசாங்கத்தின் பொறுப்பு. காங்கயம், தாராபுரம் பக்கத்தில் பெரும்பாலும் கிணறுதான் தோட்டம். மண்ணைக் கயிறு போட்டுப் பிரித்துவிடலாம். கிணற்றைப் பிரிக்க முடியாது. அதனால் பாகப் பத்திரத்தில் கிணற்றைப் பொதுவில் வைத்து, நாள் முறையோ மணிக் கணக்கோ எழுதுகிறார்கள். அப்பா பெயரிலிருந்த ஒரே மின் இணைப்பு யாராவது ஒருவர் பங்குக்குப் போகிறது. மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் மற்றவர் வரப்பில் காத்து நிற்கிறார். உங்கள் கிணற்றில் மின் இணைப்பு யாரிடம் இருக்கிறது? உங்கள் கடிதத்தில் அது இல்லை. எழுதாமல் விட்டதிலிருந்து எனக்கு ஓரளவு புரிகிறது. உங்களிடம்தான் இருக்கிறது என்றால், செவ்வாயைப் பற்றிக் கேட்பதற்கு முன்பாகத் தண்ணீர் முறையை ஒரு தாளில் எழுதித் தம்பியிடம் கொடுங்கள். கோடையில் கிணறு வற்றும் மாதத்தில் யாருக்கு எத்தனை மணி நேரம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். சண்டை வருவது அந்த மாதத்தில்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் கட்டத்தில் தம்பி மூன்றாம் இடம் என்றால், தம்பியின் கட்டத்தில் நீங்கள் பதினொன்றாம் இடம். அதாவது லாப ஸ்தானம். மூத்தவனை இளையவனுக்கு லாபமாக வைத்திருக்கிறது சாத்திரம். ஒருவர் ஜாதகத்தை மட்டும் வைத்து இருவர் உறவைச் சொல்லும் ஜோதிடர் பாதிக் கணக்கைத்தான் போட்டிருக்கிறார். தம்பிக்கு உங்களால் கிடைத்த லாபம் என்ன என்று ஒரு முறையாவது எண்ணிப் பார்த்தீர்களா?

அக்காவைப் பற்றி ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டீர்கள். உங்கள் திருமணத்தில், மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் செய்யும் இணைச்சீரைச் செய்தவர் அவராகத்தானே இருப்பார்? பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போலவே பிறப்பால் உரிமை உண்டு என்று 1989-இல் தமிழ்நாட்டிலும், 2005-இல் நாடு முழுவதிலும் சட்டம் திருத்தப்பட்டது. அதன் பிறகும் நம் பக்கத்தில் சீர்வரிசையைக் காட்டிக் கையெழுத்து வாங்குவது நிற்கவில்லை. பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியைப் பாடும் நம் அண்ணன்மார் கதையில் பங்காளிகளின் நிலப் பகையில் தொடங்குவது, அவர்கள் மாண்ட போர்க்களமான படுகளத்தில் வந்து முடிகிறது. அங்கே மாண்ட அண்ணன்களைத் தேடிக்கொண்டு போனவள் தங்கை. அவர்களுக்குப் பூசை போடுகிற ஊரில் பிறந்துவிட்டு, அக்கா பக்கம் சிக்கல் இல்லை என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அவரும் உங்கள் பதினொன்றாம் இடம்தான். அவர் விட்டுக்கொடுத்ததும் உங்கள் லாபக் கணக்கில்தான் இருக்கிறது.

தம்பியின் ஜாதகத்தையும் அக்காவின் ஜாதகத்தையும் அனுப்பி வையுங்கள், மூன்றையும் சேர்த்துப் பார்த்துச் சொல்கிறேன். வேறு ஆள் மூலமாக வேண்டாம். நீங்களே அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டு வாங்குங்கள்.

அன்புடன்.