ராசியில்லாத கிளப்பா?

அன்புள்ள சார்,

இங்கிலாந்தின் எவர்ட்டன் கால்பந்து கிளப்பின் பழைய மைதானம் குடிசன் பார்க்கில் நடந்த கடைசி ஆட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நானும் எவர்ட்டன் ரசிகன்தான். ஆன்செலோட்டி மேனேஜராக இருந்த காலத்தில் ஒட்டிக்கொண்டது. என் ஹாஸ்டலில் பாதிப் பேர் லிவர்பூல், மீதிப் பேர் மான்செஸ்டர் யுனைடெட். நான் ஒருவன்தான் எவர்ட்டனின் இந்த நீலம்.

சண்டை போடத்தான் எழுதுகிறேன். கிளப்பின் சரிவுக்கு நிர்வாகமே காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. இந்த கிளப்புக்கு ராசி இல்லை, அவ்வளவுதான். 1985ல் சாம்பியன் ஆனோம், ஐரோப்பாவில் ஆடத் தடை. 2005ல் நான்காம் இடம் பிடித்தோம், சாம்பியன்ஸ் லீக் தகுதி ஆட்டத்தில் நடுவர் கொலினா நம் கோலை மறுத்தார். 2023ல் பத்துப் புள்ளியை வெட்டினார்கள். நிதி விதிகளை மீறியதாக 115 குற்றச்சாட்டு சுமத்தப்பட்ட மான்செஸ்டர் சிட்டி அதே லீக்கில் ஜாலியாக ஆடிக்கொண்டிருந்தது. புது வீட்டுக்குப் போனால் தசை மாறும் என்பார் என் பாட்டி. கிளப் ஆற்றங்கரைப் புது ஸ்டேடியத்துக்குப் போயாகிவிட்டது, இனியாவது மாறுமா?

பி.கு.: குடிசனில் நடந்த கடைசி லிவர்பூல் ஆட்டத்தில் நம் டார்கோவ்ஸ்கி கோல் அடித்தபோது நான் டிவி அறையில் இல்லை. டென்ஷன் தாங்காமல் வராந்தாவில் நின்றிருந்தேன். நான் பார்த்தால் தோற்கிறோம்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

சண்டைக்கு வந்ததில் சந்தோஷம். எவர்ட்டனைப் பற்றிப் பேச எனக்கு ஆள் கிடைப்பதில்லை.

நான் இந்தப் பக்கம் வந்தது 2002 அக்டோபரில். பதினாறு வயதுப் பையன் ஒருவன் ஆர்சனலுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில், தூரத்திலிருந்து, பந்தைக் கிராஸ்பாரில் உரசி உள்ளே இறக்கினான். ரூனி. இரண்டே வருடத்தில் அவனை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றுவிட்டார்கள். என்னை வாங்க யாரும் வரவில்லை, இங்கேயே இருக்கிறேன்.

ராசி என்று நீங்கள் சொன்னதால் கணக்குப் பார்ப்போம். உங்கள் பட்டியலில் கெட்டது மட்டும்தான் இருக்கிறது.

1994 மே 7. சீசனின் கடைசி நாள், குடிசனில் எதிரே விம்பிள்டன் அணி. 1954லிருந்து முதல் பிரிவை விட்டு இறங்காத கிளப், அன்று காலையில் இறங்கும் இடத்தில் இருக்கிறது. பார்க் எண்ட் பக்கத்து ஸ்டாண்டை இடித்துக் கட்டிக்கொண்டிருந்ததால், டிக்கெட் கிடைக்காதவர்கள் ஸ்டான்லி பார்க் மரங்களில் ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். அரைமணி நேரத்துக்குள் 0-2. முதலாவது, நம் ஆள் லிம்பார் பெட்டிக்குள் கையை உயர்த்திக் கொடுத்த பெனால்டி. இரண்டாவது சொந்தக் கோல். அப்புறம் அதே லிம்பார் எதிர்ப்பெட்டிக்குள் விழுந்தார். விழுந்தாரா, விழவைக்கப்பட்டாரா என்பதை இன்றைக்கும் யூட்யூபில் பார்த்துச் சிரிக்கலாம். பெனால்டி கிடைத்தது, 1-2. ஹார்ன் முப்பது கஜத்திலிருந்து ஒன்று, 2-2. பத்து நிமிடம் கூட பாக்கியில்லாத நேரத்தில் கிரஹாம் ஸ்டூவர்ட் உதைத்த பந்து, உதை என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது, புல்லில் உருண்டு கோல்கீப்பருக்குக் கீழே புகுந்து போயிற்று. 3-2. நம் தெருவில் பையன்கள் ஆடும்போது அப்படிப் போனால் கோல்கீப்பரை மாற்றச் சொல்லிக் கத்துவார்கள்.

நான்கு வருடம் கழித்து 1998ல் மறுபடி கடைசி நாள். கோவென்ட்ரியுடன் 1-1 டிரா, நடுவில் ஒரு பெனால்டியையும் வீணடித்தோம். போல்டனும் நாமும் 40 புள்ளி. கோல் வித்தியாசத்தில் நாம் தப்பினோம், போல்டன் இறங்கியது. அந்த சீசனின் தொடக்கத்துக்குப் போங்கள். 1997 செப்டம்பரில் போல்டன் தன் புது ஸ்டேடியத்தில் ஆடிய முதல் ஆட்டம் நம்மோடுதான். அவர்கள் தலையால் முட்டிய பந்து கோட்டைத் தாண்டி உள்ளே போனது. நம் ஆள் உள்ளே இருந்து வெளியே தள்ளினார். நடுவர் கோல் தரவில்லை, 0-0 என்று முடிந்தது. கோட்டைப் பார்க்கும் தொழில்நுட்பம் பிரீமியர் லீகுக்கு 2013ல்தான் வந்தது. அன்றைக்கு இருந்திருந்தால் போல்டனுக்கு 42 புள்ளி, நமக்கு 39. நாம் கீழே போயிருப்போம். திரும்பி வந்திருப்போமா, யார் கண்டார்?

ராசியில்லாதவர்கள் போல்டன்காரர்கள். அவர்களிடம் போய் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டாதீர்கள்.

1985ஐ ஒப்புக்கொள்கிறேன். அந்த மே 15ல் ராட்டர்டாமில் ரேபிட் வியன்னாவை 3-1 என்று வென்று கப் வின்னர்ஸ் கோப்பையை எடுத்தோம். லீகில் இரண்டாம் இடத்துக்கும் நமக்கும் 13 புள்ளி இடைவெளி. அதற்கு இரண்டு வாரம் கழித்து பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் ஸ்டேடியம். லிவர்பூல், யுவென்டஸ் இறுதி ஆட்டம் தொடங்கும் முன்பே சுவர் சரிந்து 39 பேர் இறந்தார்கள். இங்கிலாந்து கிளப்புகள் எல்லாவற்றுக்கும் ஐந்து வருடத் தடை. நாம் 1987லும் சாம்பியன் ஆனோம், அப்போதும் ஐரோப்பியக் கோப்பை கிடையாது. அதற்குப் பிறகு லீக் பட்டமே இல்லை. ஆனால் 39 சவப்பெட்டிகளின் பக்கத்தில் நின்றுகொண்டு நம் கோப்பை போன கதையை எவ்வளவு சத்தமாகச் சொல்வது? எனக்கு அந்தப் பேச்சு ஓர் அளவுக்கு மேல் கூசும்.

2005ல் கொலினா மறுத்த, நம் ஸ்ட்ரைக்கர் டங்கன் பெர்குசனின் கோல் நல்ல கோல்தான், அதில் உங்கள் கட்சி. ஆனால் அந்த நான்காம் இடமே எப்படி வந்தது தெரியுமா? அந்த சீசனில் நாம் அடித்தது 45, வாங்கியது 46. அடித்ததைவிட அதிகம் வாங்கிய ஒரு டீம் நான்காவதாக முடிகிறது, லிவர்பூலுக்கு மேலே. இதற்குப் பெயரும் ராசிதானே? (அதே வருடம் ஐந்தாவதாக வந்த லிவர்பூல் இஸ்தான்புல்லில் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியது. அதைப் பற்றி நான் பேச மாட்டேன்.)

இனி நிர்வாகத்துக்கு வருகிறேன். நான் ஒரே வரியில் முடித்தது தப்பு.

டேவிட் மோய்ஸ் முதல்முறை மேனேஜராக இருந்த பதினோரு வருடமும் கையில் காசு கிடையாது. ஒவ்வொரு பவுண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துச் செலவழித்தார்கள். மில்வாலிலிருந்து டிம் கேஹிலை 15 லட்சம் பவுண்டுக்குக் கொண்டுவந்தார்கள். 2009ல் அயர்லாந்தின் ஸ்லைகோ ரோவர்ஸிலிருந்து ஒரு பையனை 60,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். ஷேமஸ் கோல்மன். நானூறு ஆட்டத்துக்கு மேல் ஆடி, கேப்டனாகி, குடிசனை மூடிய நாளிலும் அவர்தான் டீமை மைதானத்துக்குள் அழைத்து வந்தார்.

2016ல் புது முதலீட்டாளர் மொஷிரி பணத்தோடு வந்தார். 2017 கோடையில் என்ன நடந்தது என்று பாருங்கள். முந்தின சீசனில் லீகில் 25 கோல் அடித்த லுகாகுவை விற்றாயிற்று. அந்த இடத்துக்கு ஒரு ஸ்ட்ரைக்கர் வேண்டும், வீட்டில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவர்கள் போய் வாங்கியது சிகுர்ட்சன், கிளாசென், திரும்பி வந்த ரூனி. மூவரும் ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நின்று ஆடுகிறவர்கள். சிகுர்ட்சன் ஒருவருக்கு மட்டும் நாலரைக் கோடி பவுண்டு என்று செய்தி வந்தது. கல்யாணச் சமையலுக்கு மூன்று சாம்பார் வைத்துவிட்டு, அரிசி வாங்க மறந்த மாதிரி. லுகாகுவுக்கு ஈடாக யாரும் வரவில்லை.

மேனேஜர்கள் கதையும் இதேதான். கூமான், அலர்டைஸ், சில்வா, ஆன்செலோட்டி, பெனிட்டெஸ், லாம்பார்ட், டைச். ஒன்பது வருடத்துக்குள் ஏழு பேர். ஒருவர் பந்தை வைத்து ஆடச் சொல்வார், அடுத்தவர் தூக்கி அடிக்கச் சொல்வார். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஆளைக் கேட்பார், அவர் போன பிறகும் அந்த ஆளின் சம்பளம் மட்டும் கிளப்பிலேயே இருக்கும். லிவர்பூலின் பழைய மேனேஜர் பெனிட்டெஸைக் கூட்டி வந்தது யார் யோசனையோ! ஏழு மாதத்தில் போய்ச் சேர்ந்தார். காசில்லாத காலத்தில் பத்துத் தடவை யோசித்த கிளப், காசு வந்ததும் யோசிப்பதையே விட்டுவிட்டது. என் கோபமெல்லாம் அதில்தான்.

புள்ளி வெட்டும் அதன் நீட்சிதான். மூன்று வருடத்துக்குள் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது என்பது விதி. நம் கணக்கு 12.45 கோடி. விதியை மீறினோம் என்று கிளப்பே ஒப்புக்கொண்டது. பத்துப் புள்ளி அதிகம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. அப்பீலில் ஆறாகக் குறைந்ததே அதற்குச் சாட்சி. (அடுத்த கணக்குக்காக இன்னொரு இரண்டு போயிற்று.) சிட்டி தன் மேல் சொல்லப்பட்ட எல்லாவற்றையும் மறுத்து வாதாடியது. ஒப்புக்கொண்டவனுக்குத் தீர்ப்பு சீக்கிரம் வரும், ஊர்ப் பஞ்சாயத்திலும் அப்படித்தான். அந்த வாரம் குடிசனில் எல்லாரும் லீகைக் கண்டித்து பிங்க் அட்டையைத் தூக்கிப் பிடித்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது. மூன்றாவது நிமிடத்திலேயே மான்செஸ்டர் யுனைடெட்டின் கர்னாச்சோ அந்தரத்தில் புரண்டு ஒரு கோல் போட்டான் பாருங்கள். ஆனாலும் அந்த சீசனில் எட்டுப் புள்ளி போனது போக 40 எடுத்துப் பதினைந்தாவதாக முடித்தோம். லிவர்பூலையும் 2-0 என்று அனுப்பிவைத்தோம். அதைச் செய்தது டைச்சின் தடுப்பாட்டம், வேறு ஒன்றுமில்லை.

உங்கள் பாட்டியின் கேள்வி. இந்த கிளப் இதற்கு முன்பும் வீடு மாறியிருக்கிறது. 1892 வரை நாம் ஆடியது ஆன்ஃபீல்டில். இடத்துக்காரர் ஹோல்டிங் வாடகையை ஏற்றிக்கொண்டே போக, சண்டை போட்டுக்கொண்டு ஸ்டான்லி பார்க்கின் அந்தப் பக்கம் போய் குடிசனைக் கட்டினோம். காலி மைதானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஹோல்டிங் ஒரு கிளப் தொடங்கினார். அதுதான் லிவர்பூல். ஒரு வாடகைத் தகராறு, உங்கள் ஹாஸ்டலில் பாதிப் பேருக்குக் கட்சி கொடுத்திருக்கிறது.

இப்போது போயிருப்பது பிராம்லி-மூர் துறைக்கு. கடலடி மணலை அள்ளி வந்து துறையை நிரப்பி அதன்மேல் எழுப்பியிருக்கிறார்கள். 39,000 சொச்சம் இருக்கைகள் இருந்த இடத்தில் இப்போது 52,000க்கு மேல். வெளிச்சுவர்ச் செங்கல்லில் குடிசன் மாடியில் இருந்த அந்தக் குறுக்கு மறுக்குக் கோலத்தை அப்படியே இழைத்திருக்கிறார்கள். போட்டோவில் பார்த்தே எனக்குப் பிடித்துப்போயிற்று. கூட்டம் கூடினால் டிக்கெட் வருமானம் கூடும், அந்த நஷ்டக் கணக்கு கொஞ்சம் மூச்சுவிடும். புது வீட்டில் நான் எதிர்பார்ப்பது அவ்வளவுதான். மற்றதெல்லாம் புது முதலாளிகளான ஃப்ரீட்கின் ஆட்கள் செக்கில் கையெழுத்துப் போடும்முன் எத்தனை தடவை யோசிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 2025 ஜனவரியில் மோய்ஸைத் திரும்பக் கூப்பிட்டது நல்ல அறிகுறி. இறங்கும் இடத்துக்கு ஒரு புள்ளி மேலே இருந்த டீமை, ஒரே ஒரு இரவல் ஆளை மட்டும் சேர்த்து, பதின்மூன்றாம் இடத்துக்குக் கொண்டுபோனார். புது ஸ்டேடியத்தில் முதல் லீக் ஆட்டத்தில் பிரைட்டனை 2-0 என்று வென்றோம், நம் கோல்கீப்பர் பிக்ஃபோர்ட் பெனால்டியைப் பிடித்தார். யூரோ 2024ல் யார் எந்தப் பக்கம் அடிப்பார் என்று தண்ணீர் பாட்டிலில் எழுதி ஒட்டிக்கொண்டு நின்றாரே, அதே பிக்ஃபோர்ட்.

அப்புறம் 2025 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டில் நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். பதின்மூன்றாவது நிமிடத்தில் நம் கேயே, சொந்த அணிக்காரர் கீனையே அறைந்து சிவப்பு அட்டை வாங்கினார். மீதி ஆட்டம் முழுக்கப் பத்துப் பேரோடு ஆடி 1-0 என்று வென்றோம். இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கே தெரியவில்லை, உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

டார்கோவ்ஸ்கி விஷயம். அது 98வது நிமிடம், இங்கே விடிகாலை மூன்று மணி இருக்கும். பந்து அவர் காலில் பட்டு வலையின் கூரையைக் கிழித்த மாதிரி போனது. நான் சோபாவில் இருந்து நேராகப் பார்த்தேன். அதற்காக உங்களிடம் தர்க்கம் பேசத் தயாரில்லை. லிவர்பூலோடு அடுத்த டெர்பிக்கும் தயவுசெய்து வராந்தாவிலேயே நில்லுங்கள்.