ஓட்வில் வீட்டுப் பிள்ளைகள்: கேள்விகளும் என் பதில்களும்

பதினோராம் நூற்றாண்டில், பிரான்சின் வடக்கே நார்மண்டியில் ஓட்வில் என்ற சின்ன ஊர்க்காரர் டான்க்ரெட்டின் பிள்ளைகள் தென் இத்தாலியையும் சிசிலியையும் பிடித்து ஆண்ட கதையைப் பற்றி இன்று கேட்கலாம். முதலிலேயே ஒரு எச்சரிக்கை: இந்தக் குடும்பத்தில் டான்க்ரெட், ரோஜர், வில்லியம் என்று ஒரே பெயரில் பலர். யாரைக் கேட்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

அக்கா, சொந்த ஊர்ல நிலம் இருந்துமா இத்தாலிக்குப் போனாங்க?

நிலம் கொஞ்சம், பிள்ளைகள் நிறைய. ஓட்வில் டான்க்ரெட்டுக்கு இரண்டு தாரம். மூத்தவள் முரியெல்லாவுக்கு ஐந்து ஆண்பிள்ளைகள், இளையவள் ஃபிரெசெண்டாவுக்கு ஏழு. அப்பன் கண்ணை மூடியதும் அக்கம்பக்கத்து வீடுகளில் பங்காளிச் சண்டை வெடிப்பதைப் பார்த்துத்தான் இவர்கள் கிளம்பினார்கள் என்று மலதெர்ரா என்ற துறவி எழுதிவைத்திருக்கிறார். தெற்கு இத்தாலியில் உள்ளூர் லொம்பார்டு பிரபுக்களும் கிழக்கு ரோமப் பேரரசின் பைசாந்தியரும் ஓயாமல் மோதிக்கொண்டிருந்தார்கள். குதிரையேறிச் சண்டை போடத் தெரிந்தவனுக்கு அங்கே நல்ல கூலி. கூலிக்குப் போனவர்களில் மூத்தவன் ‘இரும்புக் கை’ வில்லியம் 1042இல் அங்கிருந்த நார்மன்களுக்கு, அதாவது நார்மண்டிக்காரர்களுக்கு, தலைவனானான். அவனுக்குப் பின் தம்பி ட்ரோகோ, அடுத்து ஹம்ஃப்ரி, 1057இல் இளைய தாரத்து மூத்த மகன் ராபர்ட் கிஸ்கார். கிஸ்கார் என்றால் தந்திரக்காரன்.

குதிரையை ஒரே குத்தில் சாய்த்தது அந்த இரும்புக் கைதானே?

இல்லை. அது ஹியூ துபெஃப், இந்தக் குடும்பமே இல்லை. 1041இல் பைசாந்தியத் தூதன் வந்தபோது, அவன் குதிரையைச் செல்லமாகத் தடவிக்கொண்டே நின்றவர், திடீரென வெறும் முஷ்டியால் கழுத்தில் ஒன்று விட்டார். குதிரை விழுந்தது. நார்மன்களே தூதனுக்கு வேறு குதிரை கொடுத்து அனுப்பினார்கள். வில்லியமுக்கு அந்தப் பட்டம் சிசிலியின் சிராக்கூஸில் ஓர் அமீரை, அதாவது முஸ்லிம் தலைவரை, கொன்றதற்காக வந்தது.

இங்கிலாந்தைப் பிடித்த ‘வெற்றியாளர்’ வில்லியமுக்கு இவங்க சொந்தமா?

உறுதியான இரத்த உறவு எதுவும் இல்லை.

போப்பையே சிறைபிடிச்சாங்களாமே?

1053, சிவிதாத்தே போர், ஒன்பதாம் லியோ. ஆறே வருடத்தில், 1059இல் மெல்ஃபியில், இன்னொரு போப், இதே ராபர்ட் கிஸ்காரை டியூக் ஆக்கி, இன்னும் கைக்கு வராத சிசிலியையும் பட்டத்தில் சேர்த்துக் கொடுத்தார். அந்தத் தீவைப் பிடிக்கப் பாடுபட்டவர் கடைசித் தம்பி ரோஜர். 1061இல் மெஸ்ஸினாவில் தொடங்கி 1091 வரை இழுத்தது.

ரோஜர் முடிசூட்டிக்கொண்டபோது போட்ட சிவப்பு அங்கி வியன்னாவில் இருக்கிறதே, அதைப் பற்றிச் சொல்லுங்கள்.

எந்த ரோஜர்? இரண்டாம் ரோஜர், மேலே சொன்னவரின் மகன். அவர் 1130 கிறிஸ்துமஸ் அன்று பலெர்மோவில் முடிசூடினார். அங்கியின் விளிம்பில் அரபு எழுத்தில் தங்க நூலால் ஹிஜ்ரி 528 என்று ஆண்டு இருக்கிறது, அதாவது 1133–34. முடிசூட்டுக்குப் பிறகு தைத்ததை முடிசூட்டில் எப்படிப் போட்டிருப்பார்?

எல்லா இடத்திலும் ‘முடிசூட்டு அங்கி’ என்றுதானே போட்டிருக்கிறது?

பிற்காலத்து ஜெர்மானியப் பேரரசர்கள் முடிசூடும்போது அதைப் போட்டுக்கொண்டார்கள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

நடுவுல வர்றேன்னு நினைக்காதீங்க அக்கா. சிங்கம் ஒட்டகத்தை அடிக்கிற படம் அதுல இருக்கு. சிங்கம் நார்மன், ஒட்டகம் முஸ்லிம். இதுல என்ன மத நல்லிணக்கம்?

அந்த விளக்கம் பிரபலம், எனக்கு ஒப்பவில்லை. சுற்றிலும் அரபியில் வாழ்த்து ஓடுகிறது. அதை எழுதியவர்கள் தங்களையே கேலிசெய்து தைத்தார்களா? அதற்காக ரோஜரை மகானாக்கவும் மாட்டேன். 1153இல் தன் கப்பற்படைத் தலைவன் ஃபிலிப்பை, ரகசியமாக முஸ்லிமாக இருந்தான் என்று எரிக்கவைத்தவர் அவர். அதே ஆட்சியில்தான் கிரிஸாந்தஸ் என்ற பாதிரியார் தன் தாய் அன்னாவுக்கு 1149இல் ஒரு கல் வைத்தார்: லத்தீன், கிரேக்கம், அரபு, எபிரேய எழுத்தில் அரபு என நான்கு வகை எழுத்தில். ஒரு தாயின் மரணத்தை நான்கு சமூகமும் படிக்கட்டும் என்று. இரண்டையும் சேர்த்து வையுங்கள்.

வெற்றியாளர் வில்லியம் இவங்களுக்குப் பெரியப்பா முறையா?

மேலே பாருங்கள்.

எங்க பேஸ்புக் குழுவில் ஒரு வம்ச மரம் போட்டிருக்காங்க, அதுல வில்லியம்...

மூன்றாவது முறை. இணையத்து வம்ச மரங்களை நம்பாதீர்கள். ஒரே பெயருக்காரர்களை ஒட்டவைத்தே மரம் வளர்க்கிறார்கள்.

கிஸ்காரின் முதல் மனைவி என்ன ஆனார்?

நல்ல கேள்வி. அல்பெராதா. நெருங்கிய சொந்தம் என்று காரணம் காட்டி அவளைத் தள்ளிவைத்து, சலெர்னோ இளவரசி சிகெல்கைத்தாவைக் கட்டினார் ராபர்ட். அல்பெராதாவின் மகன்தான் 1098இல் சிலுவைப் போரில் அந்தியோக்கியாவைப் பிடித்த பொஹெமண்ட். ராபர்ட் தன் சகோதரர்களோடு வெனோசா மடத்தில் அடக்கமானார். தள்ளிவைக்கப்பட்டவளுக்கும் அதே மடத்தில் தனிக் கல்லறை உண்டு. அதில் வெட்டியிருப்பது இது: கிஸ்காரின் மனைவி அல்பெராதா இந்தப் பெட்டிக்குள் இருக்கிறாள்; மகனைத் தேடுகிறாயென்றால், அவன் கனோசாவில் இருக்கிறான்.