வைக்கம் போராட்டம் என்றால் என்ன, அதை ஏன் இன்றும் நினைவுகூருகிறோம்?

அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், இன்றைய கேரளத்தில் உள்ள வைக்கம் மகாதேவர் கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஈழவர், புலையர் உள்ளிட்ட சாதியினர் நடக்கவே தடை இருந்தது. அருகில் வந்தாலே தீட்டு என்ற நம்பிக்கைதான் காரணம். நம் வாசலில் போகும் பொதுச்சாலையில் ஆடுமாடு போகலாம், நீ மட்டும் சுற்றிப் போ என்றால் எப்படியிருக்கும்? அப்படித்தான்.

1924 மார்ச் 30 அன்று குஞ்ஞாப்பி, பாகுலேயன், கோவிந்தப் பணிக்கர் என வெவ்வேறு சாதியைச் சேர்ந்த மூவர் ஒன்றாக நடந்து கைதானார்கள். தலைவர்கள் சிறைப்பட்டதும் ஈரோட்டிலிருந்து போன பெரியார் இருமுறை சிறை சென்றார். அவர் மனைவி நாகம்மையார் பெண்களைத் திரட்டினார். அவ்வாண்டு பெருவெள்ளத்தில், தண்ணீரில் நின்றபடியே தொண்டர்கள் போராடினார்கள். என்னால் மறக்கவே முடியாதது அந்தக் காட்சிதான்.

1925-இல் மூன்று தெருக்கள் திறந்தன; கிழக்குத் தெரு திறக்கவில்லை.

பலர் நினைப்பதுபோல் இது கோயில் நுழைவுப் போராட்டம் அல்ல. அவர்கள் கேட்டது தெருவில் நடக்கும் உரிமை. கோயில் கதவு திறந்தது 1936-இல்.