மலையில் நிலம் பார்க்கும் தொழில்: கேள்வி பதில்

நில உபயோகம், திட்ட அனுமதி ஆலோசகராக வர நினைக்கிறவர்களும் நிலம் வாங்குகிறவர்களும் கேட்டவை. நீலகிரி, பழனி மலைப் பகுதிக்கு மட்டும் பதில்.

கோத்தகிரி: அண்ணா, பி.இ. சிவில் முடிச்சிருக்கேன். எம்.பிளான் (நகரமைப்பு முதுகலை) படிச்சே ஆகணுமா?

படிச்சா நல்லது, அண்ணா பல்கலைக்கழகத்துல இருக்கு. ஆனா முதல் ஆறு மாசம் பிளான் போடாதீங்க தம்பி. ஒரு சர்வே எண்ணை எடுத்து 'அ' பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), புலப்படம் (எல்லை அளவு வரைபடம்), வில்லங்கச் சான்று, முழுமைத் திட்டம் (எந்த நிலம் எதுக்குன்னு சொல்ற மாஸ்டர் பிளான்) நாலையும் பக்கத்துல வச்சு ஒப்பிடுங்க. நாலும் ஒத்துவர்றது அபூர்வம். கொடைக்கானல் முழுமைத் திட்டம் 1993-ல வந்தது. உதாரணமா, அதுல 120/2-னு இருக்கிறது உட்பிரிவாகி இன்னைக்குப் பட்டாவுல 120/2அ1 ஆகியிருக்கும். புது எண்ணைத் தேடிட்டு 'பட்டியல்ல இல்ல'ன்னு எழுதுறதுதான் புதுசா வர்றவங்க செய்யுற தப்பு. உட்பிரிவுக்கு முந்தின தாய் எண்ணுக்குப் போங்க. நகராட்சிக்குள்ளன்னா டி.எஸ். எண் (நகர சர்வே எண்), வார்டு, பிளாக் மூணும் வேணும்.

குன்னூர்: பட்டா என் பேர்ல இருக்கு சார். வீடு கட்டலாமில்ல?

பட்டா நிலம் யாருதுன்னு சொல்லும், அதுல என்ன கட்டலாம்னு சொல்லாது. முதல்ல முழுமைத் திட்டத்துல நில உபயோக வகைப்பாடு (குடியிருப்பா, விவசாயமா) பாருங்க. அப்புறம் வனம், வேளாண் பொறியியல், கனிமவளத் துறைகளோட தடையின்மைச் சான்று. முன்பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது இது.

பண்ணைக்காடு: புரோக்கர் டேப் பிடிச்சு 40 சென்ட்னு காட்டினார். பட்டாவுல 0.14.0 ஹெக்டேர்னு இருக்கு. எது சரி?

பட்டா. 0.14.0-ல நடுவுல இருக்கிறது ஏர்ஸ்; 14 ஏர்ஸ்னா 34.6 சென்ட். புரோக்கர் டேப்பைச் சரிவோட படுக்கப் போட்டு அளந்திருப்பார். ஆவணத்துல இருக்கிறது மட்டப் பரப்பு. 30 டிகிரி சரிவுல 100 அடி டேப், மட்டத்துல 86.6 அடிதான். 40 சென்ட்டை 0.866-ஆல பெருக்குங்க, 34.6 வரும். காணாம போன அஞ்சரை சென்ட்டை யாரும் ஆக்கிரமிக்கல.

அளக்கிற முறை: டேப்பை ரசமட்டத்துல நேரா இழுத்துப் பிடிங்க, நுனியில தூக்குக்குண்டு விட்டு கீழே புள்ளி வைங்க, அங்கிருந்து அடுத்த இழுப்பு. ஒரு இழுப்பு 5 மீட்டருக்கு மேல போனா டேப் தொய்யும். பெரிய நிலத்துக்கு டோட்டல் ஸ்டேஷன் (மின்னணு சர்வே கருவி) வச்சு 1 மீட்டர் இடைவெளியில காண்டூர் (சம உயரக் கோட்டு வரைபடம்) வாங்கிடுங்க.

மஞ்சூர்: அதெப்படி சார்? தேயிலைச் செடி சரிவுலதானே நிக்குது? களை எடுக்கிறதும் சரிவுலதான். விலை மட்டும் மட்டத்துக்கா?

செடி சரிவுக்குக் குத்தா வளரல, வானத்தைப் பார்த்து வளருது. வேலைக்கூலி கணக்கு வேற, பத்திரக் கணக்கு வேற.

மஞ்சூர்: அப்போ சரிவு கூடுனா நிலம் குறையுமா?

நிலம் குறையாது, நீங்க சரிவோட அளந்த எண்தான் மட்டத்துக்கு மாத்தும்போது குறையும். இதோட சேர்ந்து வர்ற இன்னொரு குழப்பம்: டிகிரியும் சதவீதமும் ஒண்ணு இல்ல. 30 டிகிரி கிட்டத்தட்ட 58 சதவீதம். 45 டிகிரி 100 சதவீதம். 30 டிகிரிச் சரிவை அறிக்கையில '30 சதவீதம்'னு எழுதினா, படிக்கிறவருக்கு அது 17 டிகிரிதான். அதை நம்பி மண்ணை வெட்டினா மழையில மேல்கரை வீட்டுக்குள்ள வரும்.

கூடலூர்: ஜென்மம் நிலம், பிரிவு 17-ல இருக்கு. வாங்கலாமா?

ஜென்மம்னா ஜமீன் மாதிரி பழைய பரம்பரை நில உரிமை. பிரிவு 17, 1969 ஜென்மம் ஒழிப்புச் சட்டத்துல வர்றது. ஆலோசகர் வேலையில்ல, வக்கீலைப் பாருங்க.

மசினகுடி: யானை வழித்தடத்துல ரிசார்ட்?

வேண்டாம். வழித்தட அறிவிப்பை 2020 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் உறுதி செஞ்சாச்சு.

உதகை: பட்டா இருந்தா போதாதா?

மேலே குன்னூர்க்காரருக்குச் சொன்னதுதான்.

கொடைக்கானல்: கட்டணம் எப்படிப் பேசுறது அண்ணா?

ஆவண ஆய்வு, தள அளவு, விண்ணப்பம்னு மூணாப் பிரிச்சு, ஒவ்வொண்ணும் முடிஞ்சதும் வாங்குங்க. 'அனுமதி வந்தா இவ்வளவு'ன்னு பேசாதீங்க. அப்படிப் பேசினா, இந்த நிலத்துக்கு அனுமதி வராதுன்னு தெரிஞ்சாலும் வாய் வராது. மண்ணை வெட்டின பிறகு கூப்பிடுறவங்களை ஏத்துக்காதீங்க.

கேத்தி: சார், பட்டா இருக்கு, பத்திரமும் இருக்கு...

குன்னூர்.

பண்ணைக்காடு: தூக்குக்குண்டு விட்டு அளந்துட்டேன் சார். 34½ சென்ட் வருது. புரோக்கர் இன்னும் 40-னுதான் சொல்றார்.

அவர் சொல்லட்டும். 34½-க்கு விலை பேசுங்க.