பறங்கியர் வம்சாவளியில் பெண்வழியைத் தேடுவது எப்படி?

கேள்வி: என் அம்மம்மாவின் தாயார் பறங்கியர் (இலங்கையில் குடியேறிய ஐரோப்பியரின் வழிவந்தோர்) குடும்பத்தில் பிறந்தவர். அச்சில் வந்த அக்குடும்ப வம்சாவளியில் அவர் பெயரும் கணவர் பெயரும் உண்டு. பிள்ளைகளின் பெயர்கள் இல்லை. அவருடைய தாயாரைப் பற்றியும் வெறும் பெயர்தான். இனி எங்கே தேடுவது?
– வாசகி, மட்டக்களப்பு

பதில்: பிள்ளைகள் விடுபடவில்லை, வேறு இடத்தில் இருக்கிறார்கள். இலங்கை ஒல்லாந்தப் (டச்சு) பறங்கியர் ஒன்றியம் 1908இல் தொடங்கியது. அதன் சஞ்சிகையில் வெளிவந்த வம்சாவளிகள் தகப்பன்வழியையே பின்தொடர்பவை. மகளின் வரி அவர் கணவர் பெயரோடு நின்றுவிடும். ஆகவே கணவரின் குடும்பப் பெயரில் வந்த வம்சாவளியை எடுங்கள். இரண்டிலும் திருமணத் தேதி ஒன்றா என்று பாருங்கள். வேறுபட்டால் தேவாலயப் பதிவேட்டைப் பார்க்காமல் எதையும் எழுதிவைக்காதீர்கள்.

தாயாரின் பக்கம் போகத் திருமணப் பதிவுகளின் பெயரடைவுதான் வழி. பெயரடைவு பக்கத்தைக் காட்டும் கைகாட்டி மட்டுமே. மூலப் பதிவைப் படித்தே தீரவேண்டும். ஒல்லாந்தர் காலப் பதிவில் மணமகள் பெயரை அடுத்து ‘யோங்க டோக்தர்’ என்றிருந்தால் அவர் மணமாகாத பெண், மருத்துவர் அல்ல. ‘வேதுவே’ என்றால் விதவை. அதன்பின் வருவது முந்திய கணவரின் பெயர். ‘வான் கொலம்போ’ பெரும்பாலும் ஊரைத்தான் குறிக்கும். அதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு தடம் மாறியவர்கள் பலர்.

ஆங்கிலேயர் காலப் பதிவில் இன்னொரு சிக்கல். மறுமணம் செய்த விதவை பெரும்பாலும் இறந்த கணவரின் பெயரிலேயே பதிவாகியிருப்பார். பிறந்தவீட்டுப் பெயரில் தேடிக் கிடைக்காவிட்டால் சோர்ந்துவிடாதீர்கள். பதிவில் தகப்பன் பெயர் இருந்தால் அதை வைத்து ஒப்பிடுங்கள்.

எழுத்தையும் மாற்றித் தேடுங்கள். ஆங்கில எழுத்துகளில் சி (C), கே (K) இரண்டும் இடம் மாறும். எஸ் (S), இசட் (Z) இரண்டும் அப்படித்தான். டி சில்வா (De Silva), டி சில்வா (De Zilva) என்று நம் காதில் ஒன்றாக விழுவது அங்கே இரண்டு எழுத்தில் கிடக்கும்.

கேள்வி: 1780களின் திருமணப் பதிவுகளில் ஒரே தம்பதிக்குச் சில வார இடைவெளியில் இரண்டு தேதிகள். எது சரி?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இரண்டும் சரியாயிருக்கலாம். முந்தியது நிச்சயதார்த்தப் பதிவு. மூன்று முறை தேவாலயத்தில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்த பிறகே கலியாணம். பிந்திய தேதியைத் திருமணமாகக் குறியுங்கள். அது கிடைக்கவே இல்லையென்றால் ‘நிச்சயம் மட்டும்’ என்று எழுதுங்கள். கலியாணம் நின்றுபோயும் இருக்கலாம்.